நீங்கள் ஏற்கெனவே உறுப்பினர்

பிரிட்டனுக்கு மேற்படிப்புக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு நம்மூர் கன்சல்டன்சிகள் ஒரு நீளமான பட்டியல் கொடுக்கின்றன. காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ், வங்கியில் 28 நாள் தொடர்ந்து பணம் இருந்ததற்கான கடிதம், குளிர்கால ஜாக்கெட், சின்ன குக்கர், அம்மா அரைத்துக் கொடுக்கும் சாம்பார்ப்பொடி. இறங்கியதும் எந்த சிம் கார்டு வாங்குவது, எந்தப் பேட்டையில் ரூம் மலிவு, பார்ட் டைம் வேலைக்கு எந்தக் கடைவீதியில் ரெஸ்யூமே கொடுப்பது என்பதெல்லாம் அதில் உண்டு. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதலிலோ மாணவர் சங்கத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். அதைத் திறந்து பார் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

அந்த மின்னஞ்சல் வந்துகொண்டுதான் இருக்கிறது. 'உங்களை வரவேற்கிறோம். நீங்கள் எங்கள் உறுப்பினர். வரவேற்பு வார நிகழ்ச்சிகள் இதோ' என்பதுதான் ஏறக்குறைய அதன் சாரம். கூடவே பீட்சா படம், பலூன் படம் எல்லாம் இருப்பதால் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். வங்கியில் கடன் வாங்கி, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் போகிற பிள்ளைக்குப் பலூனில் என்ன வேலை என்ற நினைப்பு. அந்த நினைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு வாரத்தைத் தவறவிடுகிறவர்களில், கடன் வாங்கி, அடகு வைத்துப் போகிற பிள்ளைகளுக்குத்தான் இழப்பு அதிகம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெரும்பாலான பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ ஆரம்பிக்கும். அதற்கு முந்தைய வாரம்தான் 'ஃப்ரெஷர்ஸ் வீக்'. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அல்ல, முதுகலைக்கு வருகிறவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்களும் இருக்கிறார்கள் என்பதால் இப்போது பல இடங்களில் 'வெல்கம் வீக்' என்று பெயரை மாற்றிவிட்டார்கள். பல்கலைக்கழகம் தன் பங்குக்கு அடையாள அட்டை, நூலகச் சுற்று, துறை அறிமுகம் என்று நடத்தும். மீதியை நடத்துவது மாணவர் சங்கம். நகரத்தைச் சுற்றிக் காட்டும் நடைப்பயணம், வெளிநாட்டு மாணவர்களுக்கான தேநீர், பகடை விளையாட்டுக் கூட்டம், பழைய புத்தக விற்பனை, இரவு நடனம் எல்லாம் அதன் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக ஒன்றிரண்டு நாள், ஒவ்வொரு ஆர்வத்துக்கும் மாணவர்களே நடத்தும் குழுக்களான சொசைட்டிகளின் கண்காட்சி.

அந்தக் கண்காட்சியை ஒருமுறை கிட்ட நின்று பார்த்தேன். பல்கலைக்கழகத்தின் உள்விளையாட்டு அரங்கம். தரையில் கூடைப்பந்துக் கோடுகள் தெரிகின்றன. அவற்றின் மேல் வரிசை வரிசையாக மடக்கு மேசைகள். ஒரு மேசையில் வாள்வீச்சு முகமூடி, அடுத்ததில் சதுரங்கப் பலகை, அதற்கடுத்து ஒரு பெரிய தட்டில் வெட்டி வைத்த பாலாடைக்கட்டி. அதற்கும் ஒரு சொசைட்டி இருக்கிறது. ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்ட இரண்டாமாண்டு, மூன்றாமாண்டுப் பிள்ளைகள். கண்ணில் பட்டவரையெல்லாம் கூப்பிடுகிறார்கள். ஒரு க்யூஆர் கோடைக் காட்டுகிறார்கள், ஒரு பேனா கொடுக்கிறார்கள், ஒரு துணிப்பை கொடுக்கிறார்கள். சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது.

மூலையில் தமிழ் சொசைட்டி மேசை. தட்டில் முறுக்கு. மேசைக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்களும் லண்டனில் பிறந்தவர்கள், யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். ஊரிலிருந்து வந்து நாலைந்து நாளே ஆன ஒரு பையன் அந்த மேசையைத் தாண்டித் தாண்டிப் போனான், நிற்கவில்லை. கடைசியில் அவர்களில் ஒருத்தியே கூப்பிட்டாள்.

"அண்ணா, நீங்கள் தமிழோ?"

"ஆமாங்க. திருநெல்வேலிப் பக்கம்."

"வாங்கோவன். முறுக்கு எடுங்கோ."

அவன் எடுத்துக்கொண்டான். பிறகு மெதுவாக, "இதுல சேர எவ்ளோங்க?" என்று கேட்டான். அவள் சொன்ன தொகை சில பவுண்டுகள்தான். அவன் மனசுக்குள் அதை ரூபாயாக மாற்றிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. சேரவில்லை. ஆனால் பத்து நிமிடம் நின்று பேசினான். போகும்போது மளிகைக் கடை எங்கே இருக்கிறது, எந்தத் தெருவில் ரூம் எடுக்கக் கூடாது என்ற இரண்டு தகவல்களோடு போனான். அந்த வாரத்தில் அவனுக்குக் கிடைத்த மிக உருப்படியான தகவல்கள் அவையாகத்தான் இருந்திருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். அவன் காசு கேட்டுத் தயங்கியது ஒரு சொசைட்டிக்கு. மாணவர் சங்கம் வேறு. சங்கத்தில் சேர்வதற்கு மனுப் போடவோ பணம் கட்டவோ வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த நிமிடத்திலேயே ஒவ்வொரு மாணவரும் உறுப்பினர் ஆகிவிடுகிறார். வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம். அப்படி விலகினாலும் சேவைகள் விஷயத்தில் அவருக்குப் பாதகம் செய்யக் கூடாது என்று 1994ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. சொசைட்டிகளும் விளையாட்டு அணிகளும் இந்தச் சங்கத்தின் கீழ் இயங்குபவை. அவற்றுக்குத் தனித்தனிச் சந்தா உண்டு. விளையாட்டு அணி என்றால் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். வரவேற்பு வாரத்தில் பல சொசைட்டிகள் சந்தா வாங்காமல் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்கின்றன. அதைப் பயன்படுத்திக்கொண்டு, பிடித்த ஒன்றில் மட்டும் சேர்ந்தால் போதும். பத்து இடத்தில் சேர்ந்து ஒன்றுக்கும் போகாமல் இருப்பதுதான் பலருக்கும் நடக்கிறது.

இன்னொரு குழப்பம் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பெயர்களால் வருவது. கேம்பிரிட்ஜ் யூனியன் 1815இலும் ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் 1823இலும் தொடங்கிய விவாத மன்றங்கள். சில நூறு பவுண்டு கட்டி விருப்பப்பட்டுச் சேரும் இடங்கள் அவை. அன்றைய சேலம் மாவட்டக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்து மோகன் குமாரமங்கலம் 1938இல் கேம்பிரிட்ஜ் யூனியனின் தலைவராக இருந்தார். பின்னாளில் இலங்கை வெளியுறவு அமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமர் 1950களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் தலைவர். நமக்குப் பெருமையான பெயர்கள்தான். ஆனால் அந்த இரு பல்கலைக்கழகங்களிலும் எல்லா மாணவரையும் பிரதிநிதிப்படுத்தும் சங்கங்கள் இவற்றிலிருந்து தனியானவை.

மாணவர் சங்கம் என்றதும் நம் வீடுகளில் ஒரு பயம் எழுவதற்குக் காரணம் இருக்கிறது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் மாணவர்கள். அந்தத் தலைமுறையிலிருந்து பேச்சாளர்களும் அமைச்சர்களும் வந்தார்கள். அதன் பிறகு வந்த ஆண்டுகளில் கல்லூரித் தேர்தல் என்றால் அடிதடி, கட்சிக்காரர்கள், பேருந்து மறியல் என்றுதான் பெற்றோர் மனதில் பதிந்தது. 2006இல் லிங்டோ குழு கல்லூரித் தேர்தல்களை எப்படி நடத்துவது என்று விதிகள் வகுத்தது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பதுவரை அதில் இருந்தது. உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. இருந்தும் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் படித்து வருகிற பெரும்பாலான பிள்ளைகள் வாழ்நாளில் ஒருமுறைகூட மாணவர் தேர்தலில் வாக்களித்ததில்லை. தங்களுக்காகப் பேச நிர்வாகத்துக்கு வெளியே ஓர் அலுவலகம் இருக்கும் என்பதே அவர்களுக்குக் கற்பனைக்கு எட்டாத விஷயம்.

'முதல் வாரம்' என்ற பேச்சுக்கும் நம்மிடம் கெட்ட நினைவு உண்டு. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன். நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டதும், அடுத்த ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்ததும் இன்னும் மறக்கவில்லை. சீனியர்கள் நடத்தும் வரவேற்பு என்றால் பெற்றோர் நெஞ்சு படபடப்பது இயல்பு. பிரிட்டனில் அந்த ஆபத்தே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். 2016 டிசம்பரில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஒரு சொசைட்டியின் 'இனிஷியேஷன்' என்ற சேர்ப்புச் சடங்கு இரவில் அளவு மீறிக் குடிக்க வைக்கப்பட்ட முதலாமாண்டு மாணவர் ஒருவர் இறந்தார். இத்தகைய சடங்குகளை மாணவர் சங்கங்கள் தடை செய்துதான் வைத்திருக்கின்றன. தடையை மீறி, யாருக்கும் தெரியாமல் நடப்பவை அவை. யாராவது 'எங்கள் அணியில் சேர இதைச் செய்துதான் ஆக வேண்டும்' என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். அடுத்த நாள் சங்கத்தில் புகார் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு மாணவன் புகார் கொடுத்தால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

குடி பற்றி வேறு என்ன சொல்ல? அந்த வாரத்தில் நிறையவே குடிக்கிறார்கள், அதை மறைக்க முடியாது. குடிக்காதவர்கள் தொகையும் கூடிவருவதால் பகல் நிகழ்ச்சிகளும் மதுவில்லா மாலைகளும் இப்போது தாராளமாக இருக்கின்றன. அவற்றுக்குப் போகலாம். கையில் கட்டும் பட்டையை 'வாரம் முழுவதுக்குமான டிக்கெட்' என்று வாட்ஸ்அப் குழுக்களில் விற்கிறவர்களிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. இரவு விடுதிகளுக்கு ஆள்பிடிக்கும் தனியார் நிறுவனங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் நிறத்தையும் போட்டு, அதிகாரபூர்வம் போலக் காட்டி விற்கின்றன. மாணவர் சங்கத்தின் சொந்த இணையதளத்தில் இல்லாத டிக்கெட்டை வாங்க வேண்டாம்.

இந்தச் சங்கங்கள் சும்மா வந்துவிடவில்லை. 1884இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் பெல் என்ற மாணவர் முன்கை எடுத்து மாணவர் பிரதிநிதி மன்றத்தைத் தொடங்கினார். ஐந்தே ஆண்டுகளில், 1889இல், ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகச் சட்டம் அத்தகைய மன்றங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. அதே ஆண்டு எடின்பரோவில் திறக்கப்பட்ட டீவியட் ரோ ஹவுஸ்தான் மாணவர் சங்கத்துக்கென்றே கட்டப்பட்டவற்றில் உலகிலேயே பழைய கட்டடம் என்கிறார்கள். 1922இல் தேசிய மாணவர் ஒன்றியம் உருவானது. அதன் தலைவர்களாக இருந்த ஜாக் ஸ்ட்ரா, சார்ல்ஸ் கிளார்க் இருவரும் பிற்பாடு பிரிட்டனின் உள்துறை அமைச்சர்கள் ஆனார்கள்.

அரசுக்கு இந்தச் சங்கங்கள் எப்போதும் உவப்பாக இருந்ததில்லை. 1993இல் கல்வி அமைச்சர் ஜான் பேட்டன், சங்கங்கள் பொதுப்பணத்தில் செய்யும் வேலைகளைச் சுருக்கப் பார்த்தார். பிரபுக்கள் சபையிலும் வெளியிலும் எழுந்த எதிர்ப்பில் அந்தத் திட்டம் கரைந்தது. மிஞ்சியதுதான் 1994 சட்டம். ஒருவகையில் அது மாணவருக்கு நல்லதாகவே முடிந்தது. முக்கியப் பதவிகளுக்கு ரகசிய வாக்கெடுப்பு கட்டாயம், சம்பளத்தோடு கூடிய பதவியில் ஒருவர் மொத்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது, கணக்கை வெளியிட வேண்டும், சங்கத்தின் மீதே புகார் சொல்லவும் வழி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வந்தவை.

பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் கொடுக்கும் மானியம். மீதி சங்கத்தின் கடை, காபிக்கடை, மதுக்கூடத்து வருமானம். அந்த மானியத்தில் உங்கள் கல்விக் கட்டணமும் அடங்கியிருக்கிறது. வெளிநாட்டு மாணவர் கட்டும் தொகை உள்ளூர்க்காரர் கட்டுவதைப் போலப் பெரும்பாலும் இரு மடங்கு, அதற்கும் மேல். அப்படிப் பார்த்தால் இந்தச் சங்கத்துக்கு நம் பிள்ளைகள் கொடுத்திருப்பது குறைவே இல்லை. ஆஸ்திரேலியாவில் 2006 ஜூலை முதல் கட்டாயச் சங்கக் கட்டணம் கூடாது என்று சட்டம் போட்டார்கள். சில ஆண்டுகளிலேயே ஆலோசனை மையங்களும் உணவகங்களும் விளையாட்டு வசதிகளும் பல வளாகங்களில் சுருங்கின. மாணவர் சேவைக்கென்று தனிக் கட்டணம் ஒன்றை 2012இல் மறுபடி கொண்டுவர வேண்டிவந்தது.

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். வரவேற்பு வாரத்தில் நடனத்துக்குப் போகாமல் இருக்கலாம், கண்காட்சியைக்கூட விட்டுவிடலாம். ஆனால் சங்கக் கட்டடத்தில் ஆலோசனை மையம் எந்த மாடியில் இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பெரும்பாலான சங்கங்களில் இப்படி ஒரு மையம் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மாணவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற ஊழியர்கள். பல்கலைக்கழகத்துக்குச் சம்பந்தமில்லாமல், மாணவர் பக்கம் நின்று ஆலோசனை சொல்வது அவர்கள் வேலை. நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதியில்லாமல் துறைக்குச் சொல்ல மாட்டார்கள்.

அது எப்போது தேவைப்படும்? டிசம்பரில் முதல் கட்டுரை சமர்ப்பிக்கிறான் ஒரு மாணவன். நம் ஊரில் பாடப்புத்தகத்தில் உள்ள வரையறையைச் சொல் மாறாமல் எழுதினால்தான் முழு மதிப்பெண். அதே பழக்கத்தில் இணையத்திலிருந்தும் புத்தகத்திலிருந்தும் நாலு பத்தி எடுத்துக் கோத்திருக்கிறான், மேற்கோள் குறி இல்லை. எடுத்தெழுதியதைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் மென்பொருள் சிவப்பாகக் காட்டிவிடுகிறது. ஜனவரியில் ஒரு மின்னஞ்சல்: 'கல்வி நெறிமீறல் குறித்து உங்கள் மீது குற்றச்சாட்டு எழுந்துள்ளது. இந்தத் தேதியில் விசாரணைக்கு வரவும்.' அதைப் படித்த கையோடு அவனுக்கு விசா போய்விட்டது, கடன் மூழ்கிவிட்டது, ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று தோன்றுகிறது. ரூமில் இருக்கிற யாரிடமும் சொல்வதில்லை. வீட்டுக்கு வீடியோ காலில் "சாப்ட்டேம்மா, எல்லாம் நல்லா போகுது" என்கிறான். விசாரணைக்குத் தனியாகப் போய், எல்லாவற்றுக்கும் "சாரி சார்" என்று தலையாட்டிவிட்டு வருகிறான். செய்யாத தவறுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தலையாட்டல்.

ஆலோசனை மையத்துக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதலில் அந்தக் கடிதத்தை ஒருவர் அவனோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்திருப்பார். எந்த விதி, எந்தப் பத்தி, அதிகபட்சத் தண்டனை என்ன, வழக்கமாகக் கொடுப்பது என்ன என்று விளக்கியிருப்பார். கட்டுரையின் முந்தைய வடிவங்கள் கணினியில் இருக்கிறதா, குறிப்பேடு இருக்கிறதா என்று கேட்டிருப்பார். செயற்கை நுண்ணறிவில் எழுதியதாகச் சொல்லும் குற்றச்சாட்டுகளில் இந்தப் பழைய வடிவங்களே பல நேரம் மாணவனைக் காப்பாற்றுகின்றன. செய்ததை ஒப்புக்கொள்வதும் செய்யாததை மறுப்பதும் எப்படி என்று ஓர் அறிக்கை எழுத உதவியிருப்பார். விசாரணை நாளில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பொய் சொல்லச் சொல்லித் தர மாட்டார், முடிவை அவரால் மாற்றவும் முடியாது. ஆனால் இது முதல் தவறு, மேற்கோள் முறை தெரியாமல் நடந்தது என்று முறையாக எடுத்துவைத்தால் அதற்கு மதிப்பு உண்டு. பல்கலைக்கழகத்தின் இறுதி முடிவே நியாயமில்லை என்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயர்கல்விக்கான சுயேச்சை நடுவர் அலுவலகத்துக்குப் பன்னிரண்டு மாதத்துக்குள் முறையிடலாம் என்பதையும் அவர்தான் சொல்லியிருப்பார்.

இதைவிட அடிக்கடி நடப்பது துக்கம். ஊரில் தாத்தா இறந்துவிடுகிறார். டிக்கெட் விலைக்குப் போக முடியவில்லை. செல்போன் திரையில் இறுதிச் சடங்கைப் பார்த்துவிட்டு மறுநாள் தேர்வு எழுதுகிறாள் ஒரு பெண், மதிப்பெண் சரிகிறது. நோய், சாவு போன்ற காரணங்களுக்காகக் கால நீட்டிப்போ மறுதேர்வோ கேட்க எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஒரு நடைமுறை உண்டு. ஆனால் அதற்குக் கெடு உண்டு, சான்றும் வேண்டும். தேர்வு முடிவு வந்த பிறகு அழுது பயனில்லை. 'நம்ம சொந்தக் கஷ்டத்தைக் கல்லூரிக்காரங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்' என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு, சொல்லத்தான் வேண்டும் என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டு விஷயமும் அந்த மையத்துக்கு வரும். இங்கிலாந்தில் பெரும்பாலான வாடகைக்கு முன்பணம் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. வாங்கிய 30 நாளுக்குள் அதை வீட்டுக்காரர் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிவு செய்தாக வேண்டும். தவறினால் நீதிமன்றம் அவரை அந்தத் தொகைபோல் ஒன்று முதல் மூன்று மடங்குவரை கொடுக்கச் சொல்லலாம். ஆனால் வீட்டுக்காரரோடு அதே வீட்டில் தங்குகிறவருக்கு இந்தப் பாதுகாப்புத் திட்டம் பொருந்தாது. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலமாகக் கையில் காசு கொடுத்து, ரசீது இல்லாமல் ஓர் அறையில் நாலுபேர் தங்கும் நம் பிள்ளைகள் பலரும் இந்தப் பாதுகாப்புக்கு வெளியேதான் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் அங்கே படித்துச் சொல்வார்கள். வரவேற்பு வாரத்தில் பலர் ரூம் தேடிக்கொண்டிருப்பதால்தான் நிகழ்ச்சிகளுக்கு வருவதில்லை. அந்தத் தேடலுக்கே அங்கு உதவி இருக்கிறது.

ரூம் கிடைக்காத இந்தத் துன்பம் புதிதல்ல. முதல் உலகப் போருக்குப் பிறகு லண்டனில் படிக்க வந்த இந்திய மாணவர்களுக்கு, தோல் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்திய வீட்டுக்காரம்மாக்கள் நிறைய. சேலத்தில் பிறந்த கே.டி. பால், இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச்செயலாளர், 1920இல் அங்கே இந்திய மாணவர் சங்கத்தையும் விடுதியையும் தொடங்கினார். தங்க இடம், நம்மூர் ருசியில் சாப்பாடு, மாலையில் உட்கார்ந்து பேச ஒரு கூடம். ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் அந்த விடுதி பல பத்தாண்டுகள் நடந்தது. அதற்கும் முன்னாலேயே எடின்பரோ இந்தியச் சங்கம் 1883இலும், கேம்பிரிட்ஜ் மஜ்லிஸ் 1891இலும் தொடங்கிவிட்டன. அன்னிய ஊரில் நம் பிள்ளைகள் சங்கம் கட்டித்தான் பிழைத்திருக்கிறார்கள்.

இன்றைய தமிழ் சொசைட்டிகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது பிரிட்டனில் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள். பொங்கல், ஆண்டுக் கலைவிழா, நன்கொடை திரட்டல் என்று சுறுசுறுப்பாக இருக்கிறார்கள். ஊரிலிருந்து முதுகலைக்கு வருகிறவர்கள் அங்கே முதலில் ஒட்டுவதில்லை. வயது வித்தியாசம், பேச்சு வித்தியாசம், பணப்புழக்க வித்தியாசம் எல்லாம் உண்டு. இருந்தாலும் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் கொடுப்பதற்கு நிறைய இருக்கிறது. அவர்களுக்குப் பிரிட்டனின் வங்கி முறையும் மருத்துவ முறையும் ரத்தத்தில் ஊறியவை. இவர்களிடம் எழுதப் படிக்கத் தெரிந்த தமிழ் இருக்கிறது. தமிழ் சொசைட்டியில் மட்டும் சேர்ந்து நின்றுவிட வேண்டாம் என்பதும் என் கருத்து. தமிழர் யாருமில்லாத ஒரு மலையேற்றக் குழுவிலோ பூப்பந்து அணியிலோ சேர்கிற பிள்ளைக்கு ஆறு மாதத்தில் ஆங்கிலப் பேச்சு சரளமாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சரளம் வேலை நேர்காணலில் உதவுகிறது.

அந்த வாரத்தில் முடிக்க வேண்டிய சில்லறை வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். விசாவோடு சேர்த்து மருத்துவக் கூடுதல் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு கட்டியாகிவிட்டது. ஆகவே பக்கத்து மருத்துவரிடம் பெயரைப் பதிந்துவிட வேண்டும். காய்ச்சல் வந்த பிறகு பதியப் போனால் அலைச்சல். 25 வயதுக்கு உட்பட்ட புதியவர்கள் மூளையுறை அழற்சித் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். புதிதாகப் பல நாட்டு மாணவர்கள் கூடும் வாரத்தில் சளி, காய்ச்சல் எல்லோருக்கும் வருகிறது. அதற்கே 'ஃப்ரெஷர்ஸ் ஃப்ளூ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சங்கங்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. அவை மூன்றாண்டு இளங்கலை மாணவரை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. முதுகலை மாணவருக்கு இருப்பது ஒரே ஆண்டு. விசா தாமதமாகி வகுப்பு தொடங்கி ஒரு வாரம் கழித்து வந்து இறங்குகிறவர்கள் ஏராளம். அவர்கள் வரும்போது மேசைகளை மடக்கி வைத்திருப்பார்கள். ஜனவரியில் சேர்கிறவர்களுக்கு 'ரிஃப்ரெஷர்ஸ்' என்று சின்னதாக ஒன்று நடக்கிறது. சில இடங்களில் அது பெயருக்குத்தான். இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிறவர்களின் கட்டணத்தில் பல பல்கலைக்கழகங்கள் நடக்கும் காலத்தில், தாமதமாக வருகிறவருக்கென்று அக்டோபர் நடுவில் இன்னொரு வரவேற்பு வைப்பது பெரிய செலவில்லை. இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்டு வாங்கவும் வழி இருக்கிறது. அக்டோபரில் ஒவ்வொரு வகுப்புக்கும் பிரதிநிதி தேர்வு நடக்கும். பல நேரம் போட்டிக்கு ஆளே இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் சங்கத்தின் முழுநேரப் பதவிகளுக்குத் தேர்தல். பெரும்பாலான இடங்களில் நாலில் ஒரு பங்கு மாணவர்கூட வாக்களிப்பதில்லை. ஆகவே நூறு, இருநூறு வாக்கு முடிவையே மாற்றும். ஜெயித்தவர் படிப்புக்கு இடைவெளி விட்டோ படிப்பு முடிந்த பிறகோ முழுச் சம்பளத்தில் வேலை பார்க்கலாம். பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று கட்டுப்படுத்தும் அதே மாணவர் விசா, சங்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரை மட்டும் இரண்டு ஆண்டுவரை முழுநேரம் பணியாற்ற அனுமதிக்கிறது. அண்மை ஆண்டுகளில் முதுகலைக்கென்று செப்டம்பரில் வந்து இறங்கிய இந்திய மாணவர்கள், அடுத்த மார்ச்சிலேயே பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் தலைவர்களாகவும் துணைத் தலைவர்களாகவும் ஜெயித்திருக்கிறார்கள். வேட்புமனுவுக்குத் தேவை உறுப்பினராக இருப்பது. அது பதிவு செய்த அன்றே முடிந்துவிட்டது. மனுத்தாக்கல் தேதியைச் சங்கத்தின் இணையதளம் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டி அறிவிக்கும்.